நீக்கும் கைகளுக்கு ஒரு பொன்னாடை

எங்கள் ஊர் மனமகிழ் மன்றத்தில் எல்லோருக்கும் பாராட்டு உண்டு. இறகுப்பந்தில் ஜெயித்தவருக்குக் கேடயம், பத்தாம் வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளைக்குக் கைக்கடிகாரம், மாற்றலாகிப் போகும் தாசில்தாருக்குப் பொன்னாடை. ஓர் உறுப்பினரை ஒரே மாலையில், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வாசலுக்கு வெளியே நிறுத்திக் காட்டிய நிர்வாகக் குழுவுக்கு மட்டும் இதுவரை யாரும் ஒரு துண்டுகூடப் போர்த்தவில்லை. அதை நான் செய்கிறேன். தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்த்து ஔவையார் சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது. அங்கே இருந்ததைத்தான் சொன்னார். நானும் நிர்வாகக் குழுவிடம் இருக்கிற திறமைகளை மட்டுமே சொல்லப் போகிறேன். ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை.

முதலில் அவர்களுடைய வேகம். மன்றத்து வாசகசாலையின் கூரை இரண்டு ஐப்பசியாக ஒழுகுகிறது. மேஜையில் வாளி வைத்துத்தான் பேப்பர் படிக்கிறோம். புத்தக அலமாரியின் சாவி தொலைந்து, பூட்டை உடைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு துணைக்குழு போட்டார்கள். அது இன்னும் கூடவில்லை. அதே நிர்வாகக் குழு, முப்பது வருஷம் சந்தா கட்டிய ஒரு மனிதரை நீக்கும் வேலையை, தேநீர் ஆறுவதற்குள் முடித்தது. இவர்களுக்கு வேலை செய்யத் தெரியாது என்று சொல்கிறவர்கள் அந்தக் கூட்டத்தை நேரில் பார்த்திருக்க வேண்டும்.

நீக்கப்பட்டவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஊரே அவரைச் சார்வாள் என்றுதான் கூப்பிடும். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மன்றத்துக்குச் சொந்தமாக ஒரு கல்யாண மண்டபம் உண்டு. அதன் வாடகைதான் மன்றத்தின் பெரிய வருமானம். சார்வாளின் வீடு மண்டபத்துக்கு எதிர்ச்சாரி. அவர் செய்தது இவ்வளவுதான்: தினசரி நாட்காட்டியில் வைகாசி, ஆனி, ஆவணி முகூர்த்த நாட்களைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்தார். மண்டப வாசலில் வாழைமரம் கட்டிய நாட்களுக்கெல்லாம் வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்தார். ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் வரவுப் பக்கத்தோடு ஒத்துப் பார்த்தார். வாழைமரம் நின்ற சில நாட்களுக்கு வரவில் ஒன்றுமே இல்லை.

இதைப் பொதுக்குழுவில் எழுந்து கேட்டிருக்கலாம். யார் முகமும் வாடக்கூடாது என்று, செயலாளரைத் தனியாகப் பார்த்தார். “தம்பி, அந்த ரசீதுப் பொஸ்தகத்த ஒரு நாளைக்குக் குடுங்க. நானே உக்காந்து சரிபாத்துக் குடுத்துருதேன்” என்றார். “அதுக்கென்ன சார்வாள், தாராளமாப் பாருங்க” என்றார் செயலாளர். அடுத்து வந்த பொதுக்குழுவன்று சார்வாள் மதுரையில் இருந்தார். அவர் மனைவிக்குக் கண் ஆபரேஷன். வர இயலாது என்று முன்கூட்டியே கடிதமும் கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தை நிர்வாகக் குழு எவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறது என்பது அன்று மாலை தெரிந்தது.

நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் இல்லை. வரவேற்பு, ஆண்டறிக்கை, தணிக்கை அறிக்கை, மின்விசிறி வாங்குவது, கடைசியில் ‘தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்’. தமிழ்நாட்டுச் சங்கங்களில் நடக்கும் பெரிய காரியங்கள் எல்லாம் இந்தக் கடைசி வரிக்குள்தான் நடக்கின்றன. தட்டில் பக்கோடா வந்துகொண்டிருந்தபோது, மன்றத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் வகையில் நடந்துகொண்ட உறுப்பினரை நீக்குவதாக ஒரு தீர்மானத்தைச் செயலாளர் வாசித்தார். எந்த உறுப்பினர் என்று பின்வரிசையில் கேட்பதற்குள் ‘நிறைவேறியது’ என்றார் தலைவர். என்ன குற்றம், எந்தத் தேதியில், யார் புகார் கொடுத்தது என்று நான் எழுந்து கேட்டேன். “அஜெண்டா முடிஞ்சிருச்சு, உக்காருங்க” என்று பதில் வந்தது. அதற்குள் நாட்டுப்பண் தொடங்கிவிட்டது. நாட்டுப்பண் பாடும்போது எவரும் பேச மாட்டார்கள் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்தவருக்கு நல்ல கூர்மை இருக்கிறது.

மறுநாள் மினிட் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எட்டாவது தீர்மானத்துக்கும் நன்றியுரைக்கும் நடுவே இரண்டு வரிதான் இடம் இருந்தது. அந்த இரண்டு வரிக்குள் ஆறு வரி எழுதியிருந்தார்கள். மை வேறு, பேனா முனை வேறு, எழுத்து அரிசி மணியில் பாதி. ஆனால் ஒரு அடித்தல் இல்லை. ‘வந்திருந்த உறுப்பினர்கள் அனைவரும் ஒருமனதாக’ என்று இருந்தது. கீழே எங்கள் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. வாசலில் நுழையும்போது, பக்கோடாவுக்கு ஆள் கணக்கு எடுக்கிறோம் என்று சொல்லி வாங்கிய கையெழுத்து அது. என் கையெழுத்தும் அதில் ஒன்று. எழுந்து எதிர்த்தவனையும் சேர்த்து ஒருமனதாக்கியிருக்கிறார்கள்.

கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதிவுத் தபாலில் சார்வாளுக்கு வந்தது மூன்றே வரி. மன்றத்தின் பெயரைக் கெடுத்தீர், பொதுக்குழு உம்மை நீக்கிவிட்டது, இனி வளாகத்துக்குள் வரக்கூடாது. மண்டபம் என்ற சொல்லோ, ரசீது என்ற சொல்லோ எங்கும் இல்லை. குற்றம் இன்னதென்று எழுதினால் அதற்குப் பதில் சொல்ல இடம் கிடைத்துவிடும்; நாள் போட்டால் அந்த நாளில் நான் வேறு ஊரில் இருந்தேன் என்று சொல்ல வழி பிறக்கும். ‘நற்பெயருக்குக் களங்கம்’ என்று மட்டும் எழுதினால் அதை மறுக்க யாராலும் முடியாது. ஊருக்கு ஊர், சங்கத்துக்குச் சங்கம் இதே இரண்டு சொல்லைத்தான் நீக்கல் கடிதங்களில் பார்க்கிறேன். வியாபாரிகள் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம், சமுதாயக் கல்வி அறக்கட்டளை, பழைய மாணவர் சங்கம், எல்லாவற்றுக்கும் அளவெடுத்துத் தைத்தது போல அது பொருந்துகிறது.

இந்த இடத்தில் பெல்காமில் இருந்த மேசன்களோடு நம்மவர்களை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நம்மவர்களின் துணிச்சல் விளங்கும். ஃப்ரீமேசன்கள் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் போடுகிறவர்கள். தங்கள் சடங்குகளை வெளியே சொல்லாதவர்கள். அவர்களுடைய லாட்ஜ் விக்டோரியா என்ற கிளை டாவர் என்ற உறுப்பினரை நீக்கியது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1962இல் முடிந்தது. லாட்ஜ்தான் ஜெயித்தது. ஏன் ஜெயித்தது? குற்றச்சாட்டுகளை ஒன்றொன்றாக எழுதி உறுப்பினருக்கு அனுப்பியிருந்தார்கள். பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள். பிறகுதான் கூட்டம் கூட்டி முடிவெடுத்தார்கள். நீதிபதி கே. சுப்பாராவ் எழுதிய அந்தத் தீர்ப்பைத்தான் இன்றும் முன்சீப் கோர்ட் முதல் உயர் நீதிமன்றம் வரை எல்லா வக்கீல்களும் எடுத்து நீட்டுகிறார்கள். சங்கத்தில் சேருகிறவர் அதன் பைலாவுக்குக் கட்டுப்பட்டவர். ஆகவே நீக்குவதும் அந்த பைலா சொன்னபடியேதான் நடக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கத்தைக் கேட்க வேண்டும். மனதில் வேறு கணக்கு வைத்துக்கொண்டு செய்யக்கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தால், நீக்கியது நியாயமா அநியாயமா என்று கோர்ட் தோண்டித் துருவாது. அது சங்கத்தின் சொந்த விஷயம்.

கடைசி வரியை நிர்வாகிகள் கவனித்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. சட்டம் அவர்களுக்கு எத்தனை பெரிய சலுகையைக் கொடுத்து வைத்திருக்கிறது! ஒரு தாளில் குற்றத்தை எழுதி, பதினைந்து நாள் கொடுத்து, வந்தவரை உட்காரவைத்துக் கேட்டுவிட்டால் போதும். அதற்குப் பிறகு அவர்களே நீதிபதி. ரகசியமாகக் கூடுகிறவர்கள் அந்தத் தாளைக் கொடுத்தார்கள். வாசலில் பெயர்ப்பலகை மாட்டி, பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிந்து, ஆண்டுதோறும் படிவம் கொடுத்துத் திறந்த கதவோடு நடக்கும் எங்கள் மன்றம் அந்தத் தாளைக் கொடுக்கவில்லை. கையில் இருந்த ஜெயத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு வழக்கை விலைக்கு வாங்க எல்லோராலும் முடியாது.

இது புதிதாக முளைத்த சட்டமும் இல்லை. 1879இல் லண்டன் பீஃப்ஸ்டேக் கிளப், ‘ட்ரூத்’ இதழின் ஆசிரியர் ஹென்றி லபூஷேரை வெளியேற்றியது. பெரிய பிரபுக்கள் நிறைந்த கிளப்தான். முறையாக நோட்டீஸ் கொடுக்கவில்லை, முறையாக விசாரிக்கவில்லை என்று நீதிபதி ஜார்ஜ் ஜெசல் அந்த நீக்கத்தைத் தடுத்து நிறுத்தினார். அதற்கு முந்தின வருஷமே ஆர்மி அண்ட் நேவி கிளப்புக்கும் இதே பாடத்தை அவர் சொல்லியிருந்தார். நம் சென்னை உயர் நீதிமன்றமும் பின்தங்கியிருக்கவில்லை. 1886இல் ஒரு சாதி விலக்கு வழக்கில், தப்பு செய்ததாகத் தவறாக நம்பி, நல்லெண்ணத்தோடுதான் விலக்கினோம் என்று சாதிக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அப்படிச் செய்த விலக்கல் விலக்கப்பட்டவரின் சட்ட உரிமையைத் தொடாது என்றது நீதிமன்றம். கிணற்றில் தண்ணீர் எடுக்கவும், கோயிலுக்குள் போகவும், சாவு வீட்டுக்கு நாலு பேர் வரவும் சாதிக் கூட்டத்தின் வாயை எதிர்பார்த்திருந்த காலம் அது.

அதற்கும் மூன்று வருஷம் முன்னால் இன்னொரு வழக்கு. விதவை மறுமணத்துக்குத் துணை நின்றவரைச் சமயத்திலிருந்து விலக்கினார் ஒரு மடத்தின் தலைவர். விலக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த உத்தரவை உறைக்குள் வைத்து அனுப்பாமல், தபால்காரர் முதல் எல்லோரும் படிக்கிற மாதிரி அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிவிட்டார். அவதூறுக் குற்றத்தில் மாட்டிக்கொண்டார். 1883இல் அஞ்சலட்டைக்கே இப்படி. எங்கள் நிர்வாகக் குழுவோ சார்வாளை நீக்கிய சேதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டியது, மண்டப வாசலில் ஒட்டியது, பேருந்து நிலையத்து டீக்கடைத் தூணிலும் ஒட்டியது. எந்த ஊரிலும் உறுப்பினர்களுக்குத் தகவல் கொண்டுசேர்க்க இவ்வளவு பாடுபட்ட நிர்வாகத்தை நான் பார்த்ததில்லை. வரவு செலவுக் கணக்குக்கு அந்தத் தூணில் என்றைக்கும் இடம் கிடைத்ததில்லை.

தபால் விஷயத்தில் நம் சங்கங்களின் கைத்திறனைத் தனியாகப் பாராட்ட வேண்டும். பக்கத்து ஊர்ச் சங்கம் ஒன்றில், விளக்கம் கேட்கும் நோட்டீஸை அனுப்பியதற்கு அத்தாட்சி அட்டை வைத்திருந்தார்கள். உறுப்பினர் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் உண்மை. பிரித்துப் பார்த்தால் உள்ளே வெறும் தாள். இன்னொரு இடத்தில் ஒருவர் சந்தாவை மணியார்டரில் அனுப்பினார்; வாங்காமல் திருப்பி அனுப்பினார்கள். நேரில் கொண்டுபோனார், ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டது என்றார்கள். ஆறு மாதம் கழித்து ‘சந்தா பாக்கி’ என்று பெயரை அடித்தார்கள். பைலாவில் சந்தா பாக்கிக்கு விசாரணை வேண்டியதில்லை. பெயர் தானாகவே போய்விடும். பைலா படிக்காத நிர்வாகிகள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது வரை அவர்களுக்குத் தெரியும்.

சார்வாள் முன்சீப் கோர்ட்டில் பிராது போட்டார். நீக்கியது செல்லாது என்று அறிவிக்க வேண்டும், தேர்தலில் வாக்களிப்பதைத் தடுக்கக்கூடாது என்று கேட்டார். ரசீதுப் புத்தகத்தை இப்போதும் அவர் கேட்கவில்லை. தன் பெயரை மட்டும்தான் கேட்டார். வேறு போக்கிடம் அவருக்கு இல்லை. தனியார் சங்கத்தின் உள்தகராறுக்கு ரிட் மனு பெரும்பாலும் நிற்காது. மாவட்டப் பதிவாளரிடம் போகலாம். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு அவருக்கு விசாரிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் உறுப்பினர்கள் மனுவின் பேரில் விசாரிக்க வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு பேர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டவர் வீட்டுக்கெல்லாம் அன்றிரவே ஆள் போய் வந்தது. மண்டபத்தில் மகள் கல்யாணத்துக்குத் தேதி கேட்டிருந்தவர், கடை லைசென்ஸுக்குத் தலைவரின் வார்த்தையை நம்பியிருந்தவர் எல்லாம் மறுநாள் காலையிலேயே பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் என்ன தேவை என்பதை இத்தனை நுணுக்கமாக அறிந்து வைத்திருக்கும் நிர்வாகம் இது.

கோர்ட்டில் நிர்வாகக் குழுவின் சட்ட ஞானம் முழுதாக வெளிப்பட்டது. எதிருரை தாக்கல் செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டம் 30 நாள் கொடுக்கிறது. காரணம் காட்டினால் 90 நாள் வரை நீட்டிக்கலாம். தாங்கள் பதில் சொல்ல அவகாசம் வேண்டும் என்று கேட்டு, அந்த 90 நாளையும் முழுசாக வாங்கிக்கொண்டார்கள். ஆவணங்களைப் பார்க்க வேண்டும், உறுப்பினர்களைக் கலந்துகொள்ள வேண்டும், அவசரத்தில் பதில் சொன்னால் நீதி கிடைக்காது என்று அவர்களுடைய வக்கீல் மனுவில் எழுதியிருந்தார். படித்துப் பார்த்தேன். நியாயமான மனு. பதில் சொல்ல ஒருவருக்கு அவகாசம் ஏன் வேண்டும் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் எழுதிவிட முடியாது. அந்த ஒரு பக்கத்தில் நீதிமன்றம் என்பதை அடித்துவிட்டு மன்றம் என்று எழுதினால், சார்வாள் கேட்டது அதுதான். அவருக்குக் கிடைத்தது ஒரு நாள்கூட இல்லை. பக்கோடாத் தட்டு ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போகிற நேரம்.

அடுத்து வாய்தா. வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார், செயலாளருக்குக் காய்ச்சல், மினிட் நோட்டு தணிக்கையாளரிடம் இருக்கிறது. சங்கச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. வழக்கு அதைத் தாண்டி ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தீர்ப்பு சார்வாளுக்குச் சாதகமாக வரும் என்பதும் குழுவுக்குத் தெரியும். அவர்களுடைய வக்கீலே அதைச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு வேண்டியது தீர்ப்பு இல்லை, இடைக்காலம்தான். அந்த இடைக்காலத்தில் வாக்காளர் பட்டியல் தயாரானது, அதில் சார்வாள் பெயர் இல்லை. தேர்தல் நடந்தது, அதில் எதிர்த்து நிற்க ஆள் இல்லை. கணக்கு ஒப்புதல் ஆனது, அதில் கேள்வி இல்லை. தோற்கப் போகும் வழக்கை வைத்துக்கொண்டு வேண்டியதையெல்லாம் ஜெயித்தவர்கள் இவர்கள். வக்கீல் கட்டணம் மன்றக் கணக்கில் போகிறது, அதாவது எங்கள் சந்தாவில். சார்வாள் முப்பது வருஷம் கட்டிய சந்தாவும் அதில் இருக்கிறது. தன் பென்ஷனிலிருந்து தன் வக்கீலுக்கும், தன் பழைய சந்தாவிலிருந்து எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் அவரே பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

கணக்குக் கேட்டவரை நீக்குவதில் தமிழ்நாட்டுக்குப் பழைய மரபு உண்டு. எங்கள் மன்றம் அதைக் கைவிடவில்லை. 1972 அக்டோபரில் கட்சியின் பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர். மேடையில் கணக்குக் கேட்டார். அந்த மாதமே நீக்கப்பட்டார். அந்த மாதமே, அக்டோபர் 17 அன்று, புதுக் கட்சி தொடங்கினார். ஐந்து வருஷத்தில் முதலமைச்சரானார். சினிமாச் சங்கங்களுக்கு 2016 நவம்பர் மறக்க முடியாத மாதம். தயாரிப்பாளர் சங்கம் ஒரு பத்திரிகைப் பேட்டிக்காக விஷாலை இடைநீக்கம் செய்தது. அவர் பொதுச்செயலாளராக இருந்த நடிகர் சங்கம் அதே மாதத்தில் தன் முன்னாள் தலைவரையும் முன்னாள் பொதுச்செயலாளரையும் நீக்கியது. விஷால் உயர் நீதிமன்றத்துக்குப் போனார், இடைநீக்கம் விலகியது, 2017 ஏப்ரலில் தன்னை வெளியே நிறுத்திய சங்கத்துக்கே தலைவராக ஜெயித்து வந்தார். புகழும் ஆள்பலமும் உள்ளவர்களுக்குக் கதவு இப்படித் திறக்கிறது. பென்ஷனில் வாழும் கணக்கு வாத்தியாருக்கு யார் திறப்பார்கள்? நிர்வாகக் குழு ஆள் தேர்ந்தெடுத்ததில் தவறவில்லை.

எல்லா நீக்கமும் தப்பு என்று நான் சொல்லவில்லை. சங்கப் பணத்தை எடுத்துக்கொண்டவன் இருக்கிறான். குடித்துவிட்டு வந்து வாசகசாலையில் படிக்கும் பெண்பிள்ளைகளிடம் வாலாட்டுகிறவன் இருக்கிறான். மேடையில் சாதி பேசி ஊரை இரண்டாக்குகிறவன் இருக்கிறான். இவர்களை நீக்காத சங்கம் சங்கமே இல்லை. எங்கள் மன்றத்திலேயே அப்படி ஓர் ஆசாமி மேல் மூன்று பெண்கள் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். அதில் நிர்வாகக் குழு காட்டும் நிதானம் பெரியது. இரண்டு பக்கமும் கேட்க வேண்டும், அவசரப்பட்டு ஒருவர் வாழ்க்கையைக் கெடுத்துவிடக்கூடாது, சட்டப்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வருகிறார்கள். இயற்கை நீதியின் எல்லா விதியும் அவர்களுக்கு மனப்பாடம். யாருக்கு அதைக் கொடுப்பது என்பதில்தான் அவர்கள் கறாராக இருக்கிறார்கள்.

இங்கிலாந்து நீதிபதி மெகாரி 1969இல் ஒரு கட்சிக் கிளைத் தகராறில் சொன்ன கருத்து ஒன்று என் மனதை விட்டுப் போகவில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது, எல்லாம் பட்டவர்த்தனம்தானே என்று சிலர் கேட்பார்கள். அப்படிப் பட்டவர்த்தனமாகத் தெரிந்த வழக்குகள் பல, விசாரித்த பிறகு அப்படி இல்லை என்று ஆகியிருக்கின்றன என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பே கொடுக்காமல் தனக்கெதிராக முடிவெடுத்துவிட்டார்கள் என்று தெரியவரும்போது ஒருவருக்கு உண்டாகும் கசப்பை யாரும் குறைத்து எடைபோட மாட்டார்கள் என்று.

அந்தக் கசப்பை நான் தினமும் பார்க்கிறேன். சார்வாளுக்கு எழுபது தாண்டிவிட்டது. மாலை ஐந்தரைக்கு வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும் பழக்கம் கால்களுக்கு இன்னும் இருக்கிறது. மன்றத்து வாசல் வரைக்கும் வருகிறார். காவலாளி எழுந்து நிற்கிறார். அவரும் சார்வாளிடம் படித்தவர்தான். “உள்ள விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார்வாள்” என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறார். “தெரியும் ராசா, நீ உக்காரு” என்று சொல்லிவிட்டு எதிரே டீக்கடைப் பெஞ்சில் போய் உட்காருகிறார். அவரோடு இருபது வருஷம் கேரம் ஆடியவர்கள் வேறு பக்கம் பார்த்தபடி உள்ளே போகிறார்கள். அவர்களுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பேசினால் தங்கள் பெயரும் தூணில் ஏறும் என்ற பயம். நிர்வாகக் குழு நீக்கியது ஒருவரைத்தான், வாயடைத்தது முன்னூறு பேரை. இத்தனை குறைந்த செலவில் இத்தனை பெரிய அமைதியை எந்தச் சங்கமும் கண்டதில்லை. பொதுக்குழு இப்போது இருபது நிமிஷத்தில் முடிகிறது.

அந்த நாட்காட்டியை அவர் எனக்குக் காட்டினார். தாள்களைக் கிழிக்காமல், கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொரு முகூர்த்தத் தாளிலும் சிவப்பு வட்டம், புள்ளி, பென்சிலில் சின்னதாக நாதஸ்வரம் கேட்ட நேரம். “நான் யாரையும் திருடன்னு சொல்லல. எழுத மறந்திருப்பாங்க, கூட்டிப் பாத்தாச் சரியாயிரும்னுதான் நெனச்சேன்” என்றார். பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தும்போது இருந்த அதே நம்பிக்கை. அந்த மனிதர் மேல்தான் நற்பெயரைக் கெடுத்தவர் என்ற சொல் ஒட்டப்பட்டிருக்கிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

நிர்வாகக் குழுவினரே, நான் சொன்ன திறமைகளில் ஒன்றையாவது நீங்கள் மறுக்க முடியாது. வேகம் இருக்கிறது, சிக்கனம் இருக்கிறது, சட்டம் தெரிகிறது, ஆள் தெரிகிறது, பொறுமையும் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆண்டுப் பொதுக்குழு. இந்த முறை நான் எந்த ஊருக்கும் போகவில்லை. இரண்டு தீர்மானங்களை 21 நாளுக்கு முன்பே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அலுவலக முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்று, சார்வாளை நீக்கிய தீர்மானத்தை ரத்து செய்வது. இன்னொன்று, மண்டப ரசீதுப் புத்தகங்களையும் வழக்குக்குச் செலவான தொகையின் வவுச்சர்களையும் பொதுக்குழு மேஜையில் வைப்பது. இதற்கு அடுத்தபடியாக என்ன வரும் என்று எனக்குத் தெரியும். என் முகவரி உறுப்பினர் பதிவேட்டில் இருக்கிறது. கடிதம் அனுப்பும்போது நான் செய்த குற்றம் என்ன, எந்தத் தேதியில் செய்தேன் என்பதை மட்டும் அதில் எழுதுங்கள். பதில் சொல்ல எனக்குப் பதினைந்து நாள் போதும்.